ஆசிரியர் சங்கமும் சட்டசபைத் தேர்தலும்

கற்பிக்கும் ஆசிரியனுடைய கடமை வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றது என்றும், தேர்தற்களத்தின் ஆரவாரத்துக்கும் அவனுக்கும் யாதொரு தொடர்பும் இருத்தலாகாது என்றும் கருதுவோர் நம்முள் பலர். கற்றறிந்த பெருமக்களும் இவ்வாறே கூறக் கேட்கின்றோம். அரசியல் சந்தையிரைச்சல் போன்றது. கல்வியோ அமைதியிற் பிறப்பது. இவ்விரண்டும் எண்ணெயும் நீரும் போல ஒட்டா என்பது அவர்கள் காட்டும் நியாயம். இந்நியாயம் கேட்பதற்கு இனிதே. ஆயினும், கல்லூரியின் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர் யார், ஆசிரியரின் தொகையை நிர்ணயிப்பவர் யார், மாணவன் செலுத்தும் படிப்புச் சம்பளத்தை ஏற்றுபவரும் இறக்குபவரும் யார் என்று வினவத் தொடங்கிய மாத்திரத்தில் அந்நியாயத்தின் அடித்தளம் அசைந்துவிடுகின்றது.

இப்பொருளைப் பொதுப்பட வைத்து வாதிப்பதினும், ஓரிடத்தில் உண்மையாக நிகழ்ந்தவற்றை எடுத்து ஆராய்தல் பயன் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கரையிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தில், சர்வகலாசாலை ஆசிரியர் சங்கமொன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டசபைத் தேர்தல்களில் வெளிப்படையாகவே பங்குகொண்டு வருகின்றது. அதன் வெற்றிகளும் உண்டு, சறுக்கல்களும் உண்டு. அவற்றை நடுநின்று நோக்குமிடத்து, ஆசிரியர் சங்கம் தேர்தலிற் பங்குகொள்ளுதல் தக்கதே என்பதும், ஆனால் கட்சியின் வாலாக ஆகிவிடாமல் கல்லூரியின் வாயாக நின்று பேசும்பொழுதே அது நிலைத்த பயன் பெறும் என்பதும் புலனாகின்றன. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

கலிபோர்னியாவில் அரசினர் பொருளுதவியால் நடைபெறும் சர்வகலாசாலைகள் இரண்டு. ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற கலிபோர்னியா சர்வகலாசாலை ஒன்று. கலிபோர்னியா ஸ்டேட் சர்வகலாசாலை மற்றொன்று. பின்னதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது. தென்கோடியிலுள்ள சான் டியேகோ முதல் வடபுலத்து ஹம்போல்ட் வரை பரந்து கிடக்கும் அதன் வளாகங்களில் ஏறக்குறைய 4½ இலட்சம் மாணவர் பயில்கின்றனர். தொழிலாளர் மக்களும், அயல்நாட்டினின்று குடியேறியோர் மக்களும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போரும் இவர்களுட் பலர். 1960-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட உயர்கல்விப் பெருந்திட்டம், உயர்நிலைப் பள்ளியில் தேறுவோருள் மேல்வரிசையிலுள்ள மூன்றிலொரு பங்கினர்க்கு இச்சர்வகலாசாலையின் கதவு திறந்திருக்கும் என்றும், அம்மாகாணத்து மாணவரிடம் கற்பித்தலுக்கெனக் கட்டணம் வாங்கலாகாது என்றும் உறுதி கூறிற்று. இத்துணைப் பெரிய வாக்குறுதியை எளிய குடிகளுக்கு அளித்த அரசுகள் உலகிற் சிலவே எனலாம்.

ஆனால் வாக்குறுதி வேறு. அதனை நிறைவேற்றும் பொருள் வேறு. சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? இச்சர்வகலாசாலையின் ஆட்சி ஒரு டிரஸ்டிகள் சபையிடம் உள்ளது. அச்சபையினருட் பெரும்பாலோரை நியமிப்பவர் மாகாணக் கவர்னர். அந்நியமனத்துக்கு இசைவு தருவது மாகாணத்துச் செனட் சபை. கவர்னரும், துணைக் கவர்னரும், சட்டசபையின் சபாநாயகரும் தம் பதவியின் காரணமாகவே அதில் அங்கத்தினர். ஆண்டுதோறும் இவ்வளவு பொருள் கொடுப்பதென்று முடிவு செய்வது சட்டசபை. எனவே, பேராசிரியர் ஒருவர் தம்முடைய எசமானர் யாரென்று தேடிப் புறப்பட்டால், கல்லூரித் தலைவர் அறையில் அவரைக் காணமாட்டார். சாக்ரமென்டோ நகரத்துச் சட்டசபை மண்டபத்திலே காண்பார். அம்மண்டபத்துக்கு ஆட்களை அனுப்புவது எது? தேர்தல். இங்ஙனமாகத் தேர்தலை விட்டு ஆசிரியன் விலகி நின்றாலும், தேர்தல் ஆசிரியனை விட்டு விலகி நிற்பதில்லை.

இன்னும் ஒரு விசேஷம் அம்மாகாணத்தில் உண்டு. அங்கே குடிகள் அபேட்சகர்களுக்கு மட்டுமன்றிப் பிரேரணைகளுக்கும் நேரே வாக்களிக்கின்றனர். அவ்வாறு 1978-ஆம் ஆண்டில் நிறைவேறிய 13-ஆம் பிரேரணை, நிலம் வீடு ஆகிய சொத்தின்மீது விதிக்கும் பொதுவரி மதிப்பில் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. மாகாண வரிகளை உயர்த்துவதற்குச் சட்டசபையில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும் என்றும் விதித்தது. அன்று தொட்டு, பொருள் குறைந்த காலத்தில் புதிய வரி விதித்தல் அரிதாயிற்று. செலவைக் குறைத்தலே எளிதாயிற்று. சிறைச்சாலைக் கதவை மூட இயலாது; தொடக்கப் பள்ளிகளுக்கு அரசியற் சட்டத்தின் காப்பு உண்டு. அத்தகைய காப்பு ஏதுமின்றி நின்றது சர்வகலாசாலை. கத்திரிக்கோல் முதலில் அதன்மீதே பாய்ந்தது.

அதே 1978-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. சர்வகலாசாலை ஆசிரியரும் ஊழியரும் சங்கமாகக் கூடி, ஊதியத்தையும் வேலை நிபந்தனைகளையும் குறித்து நிர்வாகத்தோடு பேசி உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்னும் சட்டத்திற்கு அப்பொழுது கவர்னராயிருந்த ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின்கீழ் ஆசிரியரே தம்முள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த சங்கம் கலிபோர்னியா ஃபாகல்டி அசோஸியேஷன் என்பது. 1983-ஆம் ஆண்டு முதல் அதுவே ஸ்டேட் சர்வகலாசாலை ஆசிரியர் அனைவர்க்கும் பிரதிநிதி. பேராசிரியர், விரிவுரையாளர், நூலகர், ஆலோசகர், விளையாட்டுப் பயிற்சியாளர் என ஏறக்குறைய 29,000 பேர் சார்பில் அது பேசுகின்றது. இவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நிரந்தர நியமனம் பெறாத விரிவுரையாளர். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி குறைந்தால், மறுபருவத்தில் வேலையிழப்பவர் அவர்களே. தேர்தல் முடிவு அவர்கள் வீட்டு அடுப்போடு தொடர்புடையது என்பதை இதனால் உணரலாம்.

சங்கத்தின் அன்றாடப் பணி உடன்படிக்கைகளை முடித்தலும், அநீதி நேர்ந்த ஆசிரியரின் முறையீட்டை எடுத்துப் பேசுதலும் ஆகும். அதனோடு தேர்தற் காலத்தில் அபேட்சகர்களை அழைத்து வினவுகின்றது. தக்கார் எனக் கண்டவரை ஆதரிக்கின்றது. உறுப்பினர் உவந்து அளிக்கும் பொருளைப் பிரசாரத்திற் செலவிடுகின்றது. சட்டசபை கூடும் நாட்களில் மாணவரோடும் ஆசிரியரோடும் சென்று அங்கத்தினரைக் காண்கின்றது. அது ஆதரிப்போருட் பெரும்பாலார் டெமாக்ரடிக் கட்சியினர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

இனி, இச்சங்கத்தைப் பெரிதும் சோதித்த ஆண்டுகளைக் காண்போம். 2008-ஆம் ஆண்டில் உலகெங்கும் நேர்ந்த பொருளாதாரச் சரிவு கலிபோர்னியாவைக் கடுமையாகத் தாக்கிற்று. 2009-ஆம் ஆண்டில் ஆசிரியர்கள் தாமே வாக்கெடுத்து, மாதத்திற்கு இரண்டு நாள் ஊதியமில்லா விடுப்பை ஏற்றுக்கொண்டனர். இதனால் அவர்கள் வருவாயில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறைந்தது. சக ஆசிரியர் வேலையிழத்தலினும் தம் ஊதியம் குறைதல் நன்றென்று எண்ணியோர் சிலர். இன்று விட்டுக்கொடுத்தால் நாளையும் பிடுங்குவர் என்று அஞ்சியோர் சிலர். இரு திறத்தார் அச்சத்திலும் உண்மை இருந்தது. 2010-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெர்ரி பிரவுன் மீண்டும் கவர்னரானார். சங்க உரிமையை முன்னர் அளித்தவர் வந்துவிட்டார். இனிக் குறை தீரும் என்று மகிழ்ந்தோர் பலர்.

நிகழ்ந்தது யாது? 2011-12-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஸ்டேட் சர்வகலாசாலைக்கு அளிக்கும் பொருளில் 65 கோடி டாலர் குறைக்கப்பட்டது. அவ்வாண்டின் இடையில் இன்னும் 10 கோடி டாலர் வெட்டப்பட்டது. அத்திட்டத்திற் கையொப்பமிட்டவர் அதே பிரவுனே. 2001-ஆம் ஆண்டில் 1,428 டாலராயிருந்த ஓராண்டுப் படிப்புச் சம்பளம் 2011-ஆம் ஆண்டில் 5,472 டாலராயிற்று. கட்டணமில்லாக் கல்வியென்ற 1960-ஆம் ஆண்டு வாக்குறுதி ஏட்டுச் சுரைக்காயாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாளில் ஈஸ்ட் பே, டொமிங்கஸ் ஹில்ஸ் என்னும் இரு வளாகங்களில் ஆசிரியர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். நண்பரைப் பதவியில் ஏற்றிவிட்டால் போதும் என்று எண்ணுதல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, ஒரு கவர்னரை நம்பிப் பொதுமக்களைச் சங்கம் மறந்திருக்குமாயின், அதன் வரலாறு அவ்வாண்டோடே முடிந்திருக்கும்.

சங்கம் அவ்வாறு மறக்கவில்லை. 2012-ஆம் ஆண்டில் பிரவுன் 30-ஆம் பிரேரணையைக் குடிகள்முன் வைத்தார். விற்பனை வரியை நான்கு ஆண்டுகளுக்கு டாலருக்குக் காற்காசு உயர்த்துவது. ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் வருவாயுள்ளோர்க்கு ஏழாண்டுகள் வருமான வரியை உயர்த்துவது. இவையே அதன் சாரம். அது தோற்குமாயின் ஸ்டேட் சர்வகலாசாலைக்கு இன்னும் 25 கோடி டாலர் குறையும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. வெற்றி பெற்றால், அவ்வாண்டு ஏற்றிய 498 டாலர் படிப்புச் சம்பளம் இறக்கப்படும் என்று டிரஸ்டிகள் உறுதியளித்தனர். ஆசிரியர் சங்கமும் பிற ஆசிரியர் அமைப்புக்களும் மாணவரும் ஒருங்கு நின்று உழைத்தனர். நவம்பர் 6-ஆம் நாள் வாக்களித்தோருள் நூற்றுக்கு 55 பேருக்கு மேற்பட்டோர் அப்பிரேரணையை ஆதரித்தனர். படிப்புச் சம்பளமும் சொன்னபடியே 5,472 டாலருக்கு இறங்கிற்று.

அதே நாளில் 32-ஆம் பிரேரணையும் வாக்குக்கு வந்தது. ஊதியத்திற் பிடித்தம் செய்யும் பொருளை அரசியலுக்குச் செலவிடுதல் கூடாது என்பது அதன் கருத்து. கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் பொதுவானதுபோல அது எழுதப்பட்டிருப்பினும், சந்தாவைப் பிடித்தத்தாற் பெறுவன சங்கங்களேயாதலின் அடி விழுந்திருப்பது அவற்றின்மீதே. நூற்றுக்கு 56 பேருக்கு மேற்பட்டோர் அதனை மறுத்துவிட்டனர். தமக்கே வரி விதித்துக்கொண்ட மக்கள், ஆசிரியரின் வாயை அடைக்கவும் மறுத்தனர். ஏன்? அத்தேர்தலில் ஆசிரியர் கேட்டது தம் ஊதியத்தை மட்டுமன்று. வாக்காளரின் மகன் செலுத்தும் கட்டணத்தையும், மகளுக்குக் கிடைக்கும் வகுப்பையும் காக்கும் பொருளை. ஆசிரியரின் நலமும் குடியின் நலமும் ஒரே நுகத்திற் பூட்டப்பட்டிருந்தன.

இதற்கு மாறான காட்சி விஸ்கான்சின் மாகாணத்தில் உண்டு. அங்குள்ள சர்வகலாசாலை ஆசிரியர்க்குச் சங்கமாகக் கூடி உடன்படிக்கை செய்யும் உரிமை 2009-ஆம் ஆண்டில்தான் வாய்த்தது. டெமாக்ரடிக் கட்சியார் ஆட்சியில், வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியாக அவ்வுரிமை அளிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு நவம்பரில் ரிபப்ளிகன் கட்சியைச் சேர்ந்த ஸ்காட் வாக்கர் கவர்னராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் அவர் கையொப்பமிட்ட 10-ஆம் சட்டம், மாகாண ஊழியர் பெரும்பாலோரின் சங்க உரிமையைச் சுருக்கியதோடு, சர்வகலாசாலை ஆசிரியரின் உரிமையை அடியோடு அகற்றிற்று. மாடிசன் நகரத்துச் சட்டசபை மாளிகையை ஆயிரக்கணக்கானோர் பல நாள் சூழ்ந்து நின்றனர், பயனில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் வாக்கரைப் பதவியினின்றும் மீட்டழைக்க நடந்த தேர்தலிலும் அவரே வென்றார். 2015-ஆம் ஆண்டில், ஆசிரியரின் நிரந்தர நியமனத்துக்கு மாகாணச் சட்டம் அளித்திருந்த காப்பும் எடுக்கப்பட்டது.

ஒரு தேர்தல் கொடுத்ததை மறு தேர்தல் கொண்டுபோயிற்று. அவ்வுரிமையால் ஊரிலுள்ள உழவனுக்கும் கடைக்காரனுக்கும் விளையும் நன்மை யாதென்று அவர்கள் உணர்வதற்குள்ளேயே அது பறிபோயிற்று. வேர் ஊன்றுமுன் காற்றடித்தால் மரம் சாயாது என் செய்யும்? ஒரு கட்சியின் கொடையாக வந்தது மறு கட்சியின் சினத்துக்கு இலக்காதல் இயல்பே. ஃபுளோரிடா மாகாணத்தில் 2023-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமும் இதனையே உணர்த்தும். அரசாங்க ஊழியர் சங்கங்கள் பலவற்றுக்கும் சந்தாவை ஊதியத்திற் பிடித்தம் செய்தல் கூடாதென்றும், நூற்றுக்கு 60 பேர் சந்தா செலுத்தாவிடில் சங்கம் மீண்டும் வாக்கெடுப்பில் தன் தகுதியை நாட்ட வேண்டும் என்றும் அது விதித்தது. போலீசாரும் தீயணைப்போரும் அவ்விதியினின்றும் விலக்கப்பட்டனர். சர்வகலாசாலை ஆசிரியர் விலக்கப்படவில்லை. யாவர்மீது கைவைத்தாற் பொதுமக்கள் வருந்துவர், யாவர்மீது வைத்தால் வருந்தார் என்னும் கணக்கை ஆள்வோர் நன்கு அறிவர். அக்கணக்கில் ஆசிரியர் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகின்றனர் என்பதே கவலைக்குரிய கேள்வி.

சங்கத்தின் தேர்தற் பணியை மறுப்போர் கூறும் தடைகளையும் ஆராய்தல் நேர்மையாகும். சங்கத்தில் பல கட்சியாரும் உளர். ஒருவனுக்கு உவப்பில்லாத அரசியலுக்கு அவன் பொருளை எடுத்தல் எங்ஙனம் தகும் என்பது முதல் தடை. இது வலியுடைய வாதமே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-ஆம் ஆண்டில், உறுப்பினரல்லாத ஊழியரிடம் உடன்படிக்கைப் பணிக்கான கட்டணம் பெறலாம், ஆனால் அரசியலுக்கான பொருளைக் கட்டாயத்தாற் பெறலாகாது என்று தீர்ப்பளித்தது. 2018-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளுள் ஐவர், முன்னைக் கட்டணத்தையும் அரசாங்க ஊழியரிடம் கட்டாயமாகப் பெறலாகாது என்றனர். சங்கத்தார் இதனைப் பேரிடியாகக் கருதினர். உடன்படிக்கையின் பயனை எல்லாரும் நுகர, செலவைச் சிலரே சுமத்தல் நீதியன்று என்னும் அவர்கள் வாதம் மறுக்கற்பாலதன்று. எனினும், அரசியலைப் பொறுத்தவரையில், உவந்து கொடுத்த ஒரு டாலர் வலிந்து பெற்ற பத்து டாலரினும் வலியது என்பதே நம் கருத்து. ஒவ்வொரு சக ஆசிரியனையும் அணுகி, சங்கம் செய்வது இது, உம் உதவி வேண்டும் என்று கேட்கக் கடமைப்பட்ட சங்கம், வாக்காளனிடம் கேட்கவும் அதனாற் பழகிக்கொள்கின்றது.

ஆசிரியர் அரசியலிற் புகுந்தால் வகுப்பறை மேடையாகிவிடும் என்பது இரண்டாம் தடை. இவ்வச்சம் வீணன்று. அரசாங்கத்துப் பொருளையும் கருவியையும் தேர்தற் பிரசாரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது கலிபோர்னியச் சட்டம். ஆனால் சட்டத்தினும் நுண்ணியது ஆசிரியனின் மனச்சான்று. மதிப்பெண் வழங்கும் கையிலேயே கட்சித் துண்டுத்தாளும் இருக்குமாயின், எதிரே அமர்ந்திருக்கும் மாணவனுக்கு மறுக்கும் உரிமை பெயரளவில்தான் உண்டு. மாலையில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கும் பேராசிரியர், காலையில் தம் கருத்துக்கு மாறான கட்டுரைக்கும் அதன் தகுதிக்கேற்ற மதிப்பெண் அளிப்பாராயின், அவரைப் பழிப்பதற்கு இடமில்லை. அங்ஙனம் செய்ய இயலாதவர் தேர்தற் பணிக்கு மட்டுமன்று, ஆசிரியப் பணிக்கும் தகுதியுடையவரல்லர்.

இதனோடு தொடர்ந்து, சங்கத்தின் நண்பர் பலர் ஒப்பாத ஒன்றையும் சொல்லத் துணிகின்றோம். 2020-ஆம் ஆண்டில் சங்கத்தின் முயற்சியால் கலிபோர்னியச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. ஸ்டேட் சர்வகலாசாலையிற் பட்டம் பெறுவோர் யாவரும் கறுப்பர், அமெரிக்கப் பழங்குடியினர், ஆசியர், லத்தீன் அமெரிக்கர் ஆகியோரின் வரலாறும் வாழ்வும் பற்றிய பாடமொன்றைக் கற்றே ஆகவேண்டும் என்பது அது. பாடம் நல்லது, கற்கத் தக்கது, அதில் ஐயமில்லை. ஆயின் பாடத்திட்டத்தைச் சட்டசபை விதிக்கலாகாது என்று சர்வகலாசாலை நிர்வாகம் எதிர்த்தபொழுது, அவ்வெதிர்ப்பில் உண்மை இல்லாமற் போகவில்லை. இன்று நாம் விரும்பும் பாடத்தைச் சட்டத்தாற் புகுத்தினால், நாளை வேறொருவர் விரும்பாத பாடத்தைச் சட்டத்தால் நீக்குவர். 2023-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாகாணம், பொதுப்பாடங்களில் எவை இடம்பெறலாகாது என்று சட்டம் இயற்றியதைக் கண்டோம். வழி ஒன்றே; நடப்போர்தாம் வேறு. ஆதலின் சங்கம் சட்டசபையிற் கேட்கவேண்டுவது பொருளும் பாதுகாப்புமே. பாடத்தை முடிவு செய்தல் ஆசிரியர் தம் அவையிற் செய்யவேண்டிய வேலை.

மூன்றாம் தடை எல்லாவற்றினும் கூரியது: ஆசிரியர் சங்கம் மாணவர் பெயரைச் சொல்லித் தன் வயிற்றையே நிரப்புகின்றது என்பது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் டிரஸ்டிகள், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வீதம் படிப்புச் சம்பளத்தை உயர்த்த முடிவு செய்தனர். சில மாதங்களுக்குப் பின், 2024-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், ஊதியத்தை நூற்றுக்கு 12 உயர்த்த வேண்டுமெனக் கேட்டு 23 வளாகங்களிலும் ஆசிரியர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஐந்து நாளுக்கென்று தொடங்கியது அன்றிரவே உடன்பாட்டில் முடிந்தது. முன்தேதியிட்டு நூற்றுக்கு 5 உயர்வும், அவ்வாண்டு ஜூலையில் மற்றொரு 5 உயர்வும் என்று பேசி முடித்தனர். குறைந்த ஊதியம் பெறும் விரிவுரையாளர்க்கு அடிப்படை ஊதியமும் உயர்ந்தது. குழந்தை பெற்றோர்க்கு ஊதியத்தோடு விடுப்பு 6 வாரத்தினின்று 10 வாரமாயிற்று. ஆனால் அவ்விரண்டாம் உயர்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: மாகாண அரசு சர்வகலாசாலைக்கு அளிக்கும் அடிப்படைப் பொருளைக் குறைக்காதிருந்தாலே அது செல்லும்.

அந்நிபந்தனையை ஊன்றி நோக்குக. மேசையின் இருபுறமும் அமர்ந்து கையொப்பமிட்டோர் இருவருக்கும் அப்பொருள்மீது ஆட்சி இல்லை. ஆட்சி சட்டசபையிடம் இருந்தது. ஆசிரியரின் உடன்படிக்கையே தேர்தலின் நிழலில் எழுதப்படுகின்றது என்பதற்கு இவ்வொரு வாசகமே போதும். மாணவனுக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. அரசு கொடுக்காத பொருளை நிர்வாகம் என்னிடம் வாங்குகின்றது. நீரோ ஊதிய உயர்வு கேட்கின்றீர். அவ்வுயர்வு என் பையிலிருந்தன்றோ வரும் என்று அவன் கேட்பானாயின், அதற்கு ஆசிரியர் நேர்முகமாக விடை கூறக் கடமைப்பட்டவர். உன் கட்டணத்தை உயர்த்துவதை நாங்களும் எதிர்க்கின்றோம். இருவர்க்கும் உரிய பொருளைப் பொதுவரியிலிருந்து கேட்க இருவரும் சேர்ந்து வாக்காளரிடம் செல்வோம் என்பதே அவ்விடை. இவ்வாறு கூறி அதன்படி நடப்பவரைச் சுயநலமிகள் என்று யாவர் தூற்ற வல்லார்?

வாக்காளர் எப்பொழுதும் இசைவர் என்பதும் இல்லை. 2020-ஆம் ஆண்டில் வாணிபச் சொத்துக்களின் வரியை உயர்த்தி, வரும் பொருளைப் பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் அளிக்கக் கொணர்ந்த 15-ஆம் பிரேரணையை ஆசிரியர் அமைப்புக்கள் பெரும்பொருள் செலவிட்டு ஆதரித்தன. நூற்றுக்கு 52 பேர் அளவில் மறுக்க, அது தோற்றது. தோல்வி நன்று என்று சொல்லவில்லை. குடிகள் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வர் என்பதும், ஒருமுறை இசைந்தோரிடமே மறுமுறையும் புதிதாகச் சென்று காரணம் காட்ட வேண்டும் என்பதும் அதனால் விளங்கும்.

இவையெல்லாம் கடல்கடந்த நாட்டுக் கதையென்று நம்மவர் ஒதுக்கிவிடலாகாது. சட்டசபையில் ஆசிரியர்க்குப் பங்குண்டு என்னும் கொள்கையை நம் அரசியற் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. மாகாணங்களில் மேற்சபை அமையுமிடத்து அதன் அங்கத்தினருள் பன்னிரண்டிலொரு பங்கினரை, மூன்றாண்டுகளுக்குக் குறையாது கற்பித்த ஆசிரியரே தெரிந்தெடுக்க வேண்டும் என்பது 171-ஆம் விதி. இன்று ஆறு மாகாணங்களிலேயே மேற்சபை உண்டு. தமிழ் நாட்டின் மேற்சபை 1986-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதனோடு ஆசிரியர் தொகுதியும் மறைந்தது. தனி நாற்காலி ஒன்று இருப்பது நன்மையே. ஆயினும் ஆசிரியர் ஆசிரியரிடமே வாக்குக் கேட்குமிடத்து, மீன் விற்பவளிடமும் வண்டியோட்டுபவனிடமும் கல்லூரியின் பயனை எடுத்துரைக்கும் கட்டாயம் எழுவதில்லை. அந்நாற்காலி இல்லாத இடத்தில், கலிபோர்னிய ஆசிரியரைப் போலவே, நம் ஆசிரியரும் பொதுக் குடிகளுள் ஒருவராய் நின்று, அவர்கள் மனத்தை வென்றே பயன் பெறுதல் வேண்டும்.

முடிவாக ஒன்று கூறுவோம். மழைக்குக் குடை பிடிப்பவனை, வானத்தின் காரியத்தில் அவன் தலையிடுகின்றான் என்று எவரும் பழிப்பதில்லை. தேர்தல் ஆசிரியர் தலைமீது பெய்யும் மழை. அதற்கு அவர் ஆயத்தமாதல் குற்றமாகாது. ஆனால் தமக்கு மட்டும் குடை பிடித்து மாணவனை நனையவிடும் சங்கம், அடுத்த மழையிற் குடையையும் இழக்கும். ஆசிரிய நண்பர்களே, வாக்குக் கேட்கப் புறப்படுமுன், யாருக்காகக் கேட்கின்றோம் என்று உள்ளத்தை வினவிக்கொள்ளுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் ஆசிரியர் தெருவில் இறங்கும் நாளில், இவருக்கேன் இந்த வேலை என்று நகைத்துக் கடந்து செல்லாமல், அவர் கேட்பதில் உங்கள் பங்கு யாதென்று அவரையே நிறுத்திக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விடை சொல்லும் கடமை அவருக்கு உண்டு.